புதிய அம்பும் பழைய வில்லும்

தென்காசி விசுவநாதர் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுள் மன்மதனும் இரதியும் உண்டு. நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அந்த மன்மதனைப் பார்த்து ஓர் ஐயம் கொண்டேன். அவனுடைய வில் கரும்பு, அம்போ மலர். மலரை எய்தால் அது எட்டடி தூரமாவது போகுமா? உடன் வந்திருந்த என் பாட்டனாரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கரும்பு வில்லுக்கு மலர்தானடா ஏற்ற கணை. அதில் கொண்டுபோய் இரும்புக் கணையைத் தொடுத்தால் இரண்டும் கெட்டது" என்றார். அவர் விளையாட்டாகவே சொன்னார். ஆயினும் அந்த விடைக்குள் ஒரு பௌதிக உண்மை இருந்தது என்பதை நான் அறிந்துகொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆயின. அறிவித்தவள் ஒரு பள்ளி மாணவி. அதுவும், என் தவற்றினால் பத்து நாள் துன்பப்பட்ட பிறகு.

பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வில் பயின்றவன் அல்லன். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் சாலையில், மேலகரத்தை அடுத்து, ஒரு தென்னந்தோப்பின் ஓரமாகச் சில பிள்ளைகள் காலை வேளையில் வில் பழகுவார்கள். மேற்கே திரிகூடமலை நிற்கும். முகில் விலகிய நாளில் பேரருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். உலாவப் போனவன் நின்று பார்த்தேன். பிறகு மதிப்பெண் குறித்துக் கொடுத்தேன். பிறகு, ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம், புத்தி சொல்லவும் தொடங்கிவிட்டேன்.

அங்கே வந்த மாணவியின் தாயார் பீடி சுற்றுகிறவர். வில் இரவல், அம்புகள் மட்டும் சொந்தம். அவை ஒவ்வொன்றாக முறிந்தும் தொலைந்தும் நான்குதான் எஞ்சியிருந்தன. மாவட்டத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், பயிற்சியை விட்டுவிட்ட மூத்த வீரர் ஒருவர் தம்மிடமிருந்த பன்னிரண்டு அம்புகளை அவளுக்குக் கொடுத்தார். கரிய நிறத்துக் கார்பன் அம்புகள். சீர்வரிசைத் தட்டை ஏந்தி வருவது போல் அவற்றை அவள் ஏந்தி வந்தாள்.

முதல் நாள் எய்த அம்பெல்லாம் இலக்குத் தாளுக்குக் கீழே, வைக்கோல் பாயில் போய்த் தைத்தன. "குறிகாட்டியைக் கீழே இறக்கு" என்றேன். இறக்கினாள். அம்புகள் தாளுக்கு ஏறி வந்தன, ஆனால் சிதறின. பழைய அம்புகளை ஒரு பெரிய அப்பளத்தின் அளவுக்குள் அடக்கியவள், புதியவற்றை ஒரு முறத்துக்குள்ளும் அடக்க முடியாமல் தவித்தாள். "அம்பில் என்ன இருக்கிறது? எல்லாம் ஒன்றுதான். மனத்தை ஒருமுகப்படுத்து, அம்மா" என்று நான் உபதேசம் செய்தேன். பத்தாம் நாள் அவள் வில்லை உறையில் வைத்து மூடிவிட்டு, "என் கை கெட்டுப்போயிற்று சார். இனி வரமாட்டேன்" என்றாள்.

அன்று மாலைதான், எதற்கும் பார்க்கலாமே என்று, பழைய அம்பு ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்துக்கொண்டு தென்காசிக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு பொற்கொல்லரிடம் போனேன். நகை நிறுக்கும் தராசில் வைத்தார். பழையது 20 கிராம். புதியது 26 கிராம். "ஆறு கிராம் வித்தியாசம், அண்ணாச்சி. பொன்னாக இருந்தால் நான் இதற்குச் சண்டை போடுவேன்" என்றார் அவர். எனக்கு முகத்தில் அறைந்தாற் போல் இருந்தது. முப்பது ஆண்டு வகுப்பில் நியூட்டனின் விதியைக் கரும்பலகையில் எழுதிய நான், வில்லின் முன்னே அதை மறந்துவிட்டேன்.

இங்கே அந்த வில்லைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவள் கையாண்டது நம் புராணங்களில் வரும் வில் அன்று. காம்பவுண்டு வில் என்று அதைக் கூறுவர். நான் கப்பி வில் என்று சொல்லப்போகிறேன். கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியை அறிந்தவர்களுக்கு அச்சொல்லே போதும். அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்து ஆலன் என்பவர் அதை அமைத்து 1966-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் உரிமை கிடைத்தது. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்துக் குறிபார்க்கும் வேளையில்தான் கை மிகுதியாக நடுங்கும். கப்பி வில்லிலோ, இரு முனைகளிலும் நடுவம் விலகிய சக்கரங்கள் உள்ளன. நாணை இழுக்கும்போது அவை உருளும்; பாதி வழியில் பாரம் உச்சத்தை எட்டும்; அப்பால் சக்கரம் திரும்பிவிட, பாரம் சட்டென்று இறங்கிவிடும். 50 பவுண்டு வில்லை, அதாவது ஏறக்குறைய 23 கிலோ பாரத்தை இழுத்தவன், கடைசியில் 10 பவுண்டு பாரத்தை மட்டும் தாங்கி நின்று நிதானமாகக் குறிபார்க்கலாம். நாணை விரலால் விடுவதும் இல்லை. கையில் பிடித்த ஒரு சிறு விடுவிசை அதனை விடுவிக்கும்.

இத்தகைய வில்லில் நம் நாட்டவர் பெற்ற புகழ் சிறிதன்று. 2023-இல் பெர்லின் நகரில் நடந்த உலகப் போட்டியில் பதினேழு வயது அதிதி சுவாமி தனிநபர் பட்டம் வென்றாள். அதே ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கப்பி வில்லுக்கென வைத்திருந்த ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியரே கொண்டுவந்தனர். 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் பாராலிம்பிக்கில், கைகள் இன்றிப் பிறந்த சீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கி, ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் பெற்றாள். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கப்பி வில்லுக்குக் கலப்புக் குழுப் போட்டி ஒன்று இடம்பெறும் என்று 2025-இல் அறிவித்தனர். அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் தோப்போரத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடிற்று.

இனி அம்புக்கு வருவோம். வில் என்பது சக்தியைச் சேர்த்துவைக்கும் ஒரு பெட்டி. இழுத்தவன் கையின் உழைப்பு அதன் வளைவில் தங்குகிறது. நாணை விட்டவுடன் அதிற் பெரும்பகுதி அம்புக்குப் போய்ச் சேருகிறது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, அம்புக்குச் சேரும் சக்தி 64 ஜூல் என்று கொள்வோம். 20 கிராம் அம்பு அச்சக்தியால் விநாடிக்கு 80 மீட்டர் வேகம் பெறும். 26 கிராம் அம்போ 70 மீட்டர் வேகமே பெறும். கப்பி வில் போட்டியில் இலக்கு 50 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முதல் அம்பு அங்கே போய்ச் சேர 0.625 விநாடி, இரண்டாவதற்கு 0.71 விநாடி. இந்த நேரத்தில் புவியீர்ப்பு சும்மா இராது. முதல் அம்பு தான் புறப்பட்ட நேர்கோட்டிலிருந்து 1.91 மீட்டர் தாழ்ந்துவிடும், இரண்டாவது 2.48 மீட்டர் தாழும். வேறுபாடு 57 சென்டிமீட்டர். கனத்த அம்பு வில்லிலிருந்து சற்றே கூடுதலான சக்தியை வாங்கிக்கொள்ளும். ஆதலின் நடைமுறையில் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டித் தாளில் ஐந்து முதல் பத்து வரையுள்ள வளையங்களின் மொத்த விட்டம் 48 சென்டிமீட்டர்தான். நடுவிலிருந்து விளிம்புக்கு 24. ஆகவே, முதல் நாள் அவள் அம்பு தாளுக்குக் கீழே போனதில் வியப்பு ஒன்றும் இல்லை. அது கையின் குற்றம் அன்று. ஆறு கிராமின் குற்றம்.

அப்படியானால் குறிகாட்டியை இறக்கியவுடன் எல்லாம் சரியாகியிருக்க வேண்டுமே, சிதறுவானேன் என்று கேட்பீர்கள். எடை அம்பின் குணங்களுள் ஒன்றுதான். மற்றொன்று அதன் விறைப்பு.

வீட்டில் துடைப்பத்திலிருந்து ஒரு நீண்ட தென்னை ஈர்க்கை உருவுங்கள். அதன் முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையிலிருந்து நேராகத் தள்ளுங்கள். அது நேராக இராது, வில்லாக வளையும். அதையே பாதியாக ஒடித்துத் தள்ளுங்கள். அவ்வளவு எளிதில் வளையாது. முனையில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, வெட்ட வெளியில் வெடுக்கென்று முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உருண்டையின் சோம்பல் ஈர்க்கை மீண்டும் வளைக்கும். அம்புக்கு நேர்வதும் இதுவே. நாண் அதன் வாலைத் தள்ளுகிறது. முனையின் கனமோ நகர மறுக்கிறது. ஒரு விநாடியில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தத் தண்டு நின்ற நிலையிலிருந்து விநாடிக்கு 80 மீட்டர் வேகத்துக்கு எகிறவேண்டும். அதனால் அது வளைகிறது. வில்லைவிட்டு நீங்கிய பின்னும் ஆற்றில் மீன் நெளிவது போல் நெளிந்துகொண்டே சிறிது தூரம் போகிறது. ஹிக்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930-களில் அதிவேகப் படக்கருவியால் இதனைப் படம் பிடித்துக் காட்டினார். அதுவரை, விற்பிடியின் பக்கத்தில் வைத்த அம்பு பிடியில் மோதாமல் எவ்வாறு நேரே போகிறது என்பது பலருக்கு விளங்காத புதிராக இருந்தது. அம்பு வளைந்து பிடியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது என்பதே விடை. விரலால் நாணை விடுகிறவர்களுக்கு இந்த நெளிவு பக்கவாட்டில் மிகுதி. விடுவிசை கொண்டு எய்யும் கப்பி வில்லில் பக்க நெளிவு குறைவு. மேலும் கீழுமாக நெளிவதே பெரும்பாலும்.

விறைப்பை அளக்க ஒரு முறை உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின்மேல் அம்புத் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதை ஆயிரத்தால் பெருக்கிய எண்ணே விறைப்பு எண். அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் சிறியதாக இருந்தால் தண்டு விறைப்பானது என்று பொருள். இது தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும். நான் இரண்டு நாற்காலிகளையும், நீர் நிரப்பி நிறுத்த ஒரு புட்டியையும் வைத்துச் சோதித்தேன். அவளுடைய பழைய அம்பு 500-க்கு அருகில் வந்தது. புதியது 340. தம் கைவலுவுக்கேற்ற 60 பவுண்டு வில்லுக்காக அந்த மூத்த வீரர் வாங்கியது அது. இவளுடைய வில் 46 பவுண்டு.

மூன்றாவது குணத்தை நான் கடைசியாகத்தான் கவனித்தேன். புதிய அம்பு இரண்டு மில்லிமீட்டர் பருமன் கூடியது. தாங்கியின்மேல் அதை வைத்தால் அதன் நடுக்கோடு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். பின்புறத்துக் குதையோ நாணில் பழைய இடத்திலேயே பூட்டியிருக்கும். ஆகவே அம்பு மூக்கைச் சற்றே தூக்கிக்கொண்டு புறப்படும்.

ஆக, அவளுக்குக் கிடைத்தது அம்பு மட்டும் அன்று. பழைய வில்லோடு பொருந்தாத மூன்று மாற்றங்கள். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்கள் கதை தொடங்குமுன் சுருதி கூட்டுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குடம் மாறினால் சுருதியும் மீண்டும் பார்த்தே தீரவேண்டும். அதை ஒருவரும் பாடகரின் தொண்டைக் குற்றம் என்று சொல்வதில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் என் கை சரியாகத்தான் இருக்கிறதா சார்?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். அவள் தாயார் சுளகில் இருந்த பீடி இலையிலிருந்து நிமிராமலே, "பத்து நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, சார்வாள்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

வில்லைச் சீர்செய்யும் வேலையில், எதை முதலில் தொடுவது என்பதே முக்கியம். முறை தவறினால் ஒரு கோணலை இன்னொரு கோணலால் மறைத்துவிடுவோம். முதலில் வில்லையே பார்க்கவேண்டும். இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் உருண்டு முடிகின்றனவா, நாணும் வடங்களும் பிசிரின்றி இருக்கின்றனவா என்று பார்த்தோம். அவை சரியாக இருந்தன. பிறகு அம்பின் குதை நாணில் பொருந்தும் இறுக்கம். அம்பை நாணில் தொங்கவிட்டு நாணை விரலால் தட்டினால் அது விழுந்துவிட வேண்டும். தட்டாமலே விழுந்தால் தளர்வு. தட்டியும் விழாவிட்டால் இறுக்கம்.

அடுத்து, முகத்துக்குப் பூசும் பவுடரை அம்பின் சிறகுகளிலும் தாங்கியிலும் தூவி ஒரு முறை எய்யச் சொன்னேன். திரும்ப எடுத்து வந்த அம்பில் கீழ்ச் சிறகின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. சிறகு தாங்கியைத் தொட்டுக்கொண்டு போகிறது! மெல்லிய தொடுதல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் தொடாது. சிதறலுக்கு முதற்காரணம் அகப்பட்டது. குதையைச் சிறிதளவு திருகி, சிறகுகள் தாங்கியின் இடைவெளி வழியே போகும்படி வைத்தோம். பன்னிரண்டு அம்புகளுக்கும் அவ்வாறே.

அதன் பின்னரே தாள் சோதனை. ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் ஊடாக எய்யவேண்டும். அம்பு தாளைக் கடந்த பின்னரே இலக்கில் தைக்கும்படி இலக்கு போதிய அளவு பின்னால் இருக்கவேண்டும். முனை ஒரு வட்டத் துளை இடும். அம்பு நேராகப் போனால் சிறகுகள் அத்துளையைச் சுற்றி மூன்று சிறு கீறல் போட்டுவிட்டுப் போகும். மூன்று கால் நட்சத்திரம் போலத் தோன்றும். சாய்ந்து போனால் துளையிலிருந்து ஒரு பக்கமாக நீண்ட கிழிசல் விழும். அந்தக் கிழிசல் அம்பு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் இச்சோதனை செய்வது ஒரு வேடிக்கை. சாரலில் தாள் நனைந்து துவண்டு, அம்பு எப்படிப் போனாலும் கந்தலாகக் கிழியும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சட்டத்தையே புரட்டிவிடும். கடைசியில் என் வீட்டு நீண்ட தாழ்வாரத்தில், தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் தாழிட்டுவிட்டு, சுவரோரம் மூட்டைகளை அடுக்கி அதைச் செய்தோம். வீட்டார் அன்று அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

முதற் கிழிசல் துளைக்குக் கீழே ஒரு விரற்கடை நீண்டது. பக்கத்திலும் சற்றுச் சாய்ந்தது. கீழ்நோக்கிய கிழிசல் என்றால் அம்பின் வால் தாழ்ந்து போகிறது. தண்டின் பருமன் செய்த வேலை அதுவே. நாணில் குதை அமரும் கண்ணியை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றிக் கட்டினோம். கிழிசல் பாதியாயிற்று. இன்னும் அரை மில்லிமீட்டர், மறைந்தது. மேல்நோக்கிக் கிழிந்திருந்தால் கண்ணியை இறக்கியிருப்போம். பக்கச் சாய்வுக்குத் தாங்கியை இடமோ வலமோ நகர்த்தவேண்டும். நகர்த்துவது ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஒன்றை மாற்றிவிட்டு மூன்று அம்பு எய்து பாராமல் இன்னொன்றைத் தொடலாகாது. கிழிசல் குறைந்தால் அதே திசையில் தொடர்க, வளர்ந்தால் திரும்புக. இந்தப் பொறுமை எனக்கு இல்லை, அவளுக்கு இருந்தது.

பக்கச் சாய்வு முழுவதும் தீரவில்லை. அங்கேதான் விறைப்பு குறுக்கிட்டது. கப்பி வில்லில் விறைப்பு சற்று மிகுந்த அம்பைச் சமாளித்துக்கொள்ளலாம். விறைப்புக் குறைந்த அம்பே ஆபத்தானது என்று அனுபவசாலிகள் கூறுவர். ஆயினும் 500 எங்கே, 340 எங்கே! தண்டை நீட்டினால் அது எளிதில் வளையும். ஆனால் வெட்டிய அம்பை யார் நீட்டுவது? மற்ற இரு வழிகளே இருந்தன. முனையைக் கனமாக்குவது ஒன்று. வில்லின் பாரத்தைச் சிறிது கூட்டுவது மற்றொன்று. ஈர்க்கின் நுனியில் களிமண் உருண்டையைப் பெரிதாக்கியது போலத்தான். அம்புமுனைகளைக் கிரெயின் என்னும் அளவையால் குறிப்பர். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரைக் கிரெயின். 100 கிரெயின் முனைகளைக் கழற்றிவிட்டு 125 கிரெயின் முனைகளைத் திருகினோம். வில்லின் இரு கைகளையும் பிடித்திருக்கும் திருகாணிகளை ஒரே அளவாக அரைச் சுற்று இறுக்கினோம். ஒன்றை மட்டும் திருகினால் வில் கோணும். அளவு கடந்து தளர்த்தினால் கை கழன்று தெறிக்கும். அவளால் அந்தக் கூடுதல் பாரத்தை நடுக்கமின்றி இழுக்க முடிகிறதா என்று பார்த்த பின்னரே நிறுத்தினோம்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்களுக்கு வாய்த்தது கனத்த அம்பு. ஆகவே வில்லுக்குத் தீங்கு இல்லை. இதற்கு மாறாக, வேகத்தில் ஆசை வைத்து மிக இலேசான அம்பைத் தேடுவோர் உண்டு. அம்பு வாங்கிக்கொள்ளாத சக்தி வில்லிலேயே தங்கி, அதன் கைகளையும் வடங்களையும் தாக்கும். பவுண்டு ஒன்றுக்கு ஐந்து கிரெயினுக்குக் குறைந்த அம்பைத் தொடுக்கக்கூடாது என்பது பொதுவான விதி. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின், அதாவது பத்தொன்பதரைக் கிராம். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது எல்லாவற்றிலும் கொடியது. விளையாட்டுக்காக ஒருவர் அப்படிச் செய்ய, வில் கையிலேயே சிதறியதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு சிறகு உரித்த அம்புச் சோதனை. இரண்டு அம்புகளின் சிறகுகளை உரித்துவிடச் சொன்னபோது அவள் முகம் வாடிற்று. பன்னிரண்டில் இரண்டு என்றால் சும்மாவா? ஆனால் சிறகு என்பது அம்பின் பிழையைத் திருத்தும் வாத்தியார். அவர் இல்லாதபோதுதான் பிள்ளையின் இயல்பு தெரியும். பதினெட்டு மீட்டரில் சிறகுள்ளவை மூன்றும் சிறகற்றவை இரண்டும் எய்தாள். பழைய முனைகளோடு அவை ஒரு சாண் விலகித் தைத்திருந்தன. புதிய முனைகளோடு நான்கு விரற்கடைக்குள் வந்துவிட்டன. அதற்கு மேல் நெருக்க முயன்று ஒரு மாலை முழுவதும் வீணாக்கினோம். இப்போது நினைத்தால் அது தேவையில்லாத வேலை.

கடைசிச் சோதனைக்குக் கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினேன். இலக்குப் பாயில் அதைத் தொங்கவிட்டு, நூல் நெடுகச் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தோம். கோட்டின் தலைப்பில் ஒரு பொட்டு. குறிகாட்டியை மாற்றாமல் அந்தப் பொட்டையே குறிவைத்து, பத்து மீட்டரிலிருந்து நாற்பது வரை ஐந்தைந்து மீட்டராகப் பின்னுக்கு நகர்ந்து ஒவ்வோர் அம்பு எய்யவேண்டும். தொலைவு கூடக்கூட அம்பு கீழே இறங்கும். எல்லாம் கோட்டின்மேலேயே இறங்கினால் தாங்கி நடுவில் இருக்கிறது. கோட்டை விட்டு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் அது நடு விலகியிருக்கிறது. எய்கின்றபோது வில்லும் செங்குத்தாக நிற்கவேண்டும். குறிகாட்டியில் உள்ள சிறு ரசமட்டம் அதற்காகவே. எங்கள் அம்புகள் இரண்டு விரற்கடை சரிந்தன. தாங்கியை ஒரு மயிரிழை நகர்த்தினோம். மறுநாள் விடியற்காலை, காற்று எழுவதற்கு முன், அவை சுண்ணாம்புக் கோட்டின்மேல் பொத்தான் வரிசை போல் நின்றன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டருகே போய் ஒவ்வோர் அம்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

50 மீட்டருக்கு உரிய குறிகாட்டி அளவை எழுத ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்பின் எடை, முனையின் எடை, கண்ணியின் உயரம், தாங்கியின் இடம், திருகாணியின் சுற்று, அன்றைய காற்று எல்லாம் தேதியிட்டு அதில் ஏறின. ஒவ்வோர் அம்புக்கும் எண்ணிட்டு, எந்த அம்பு எங்கே தைத்தது என்றும் குறித்தாள். நான்கு நாள் குறிப்பைப் பார்த்தபோது ஒரு புதுமை தெரிந்தது. ஏழாம் எண் அம்பு மட்டும் எப்போதும் வலப்புறம் ஒதுங்கியது. அதை இரு கைகளிலும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்தேன். அப்பளம் நொறுங்குவது போல் ஒரு மெல்லிய ஒலி. கண்ணுக்குத் தெரியாத விரிசல். கார்பன் தண்டு அப்படித்தான். வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே பிளந்திருக்கும். நாண் உந்தும்போது முறிந்தால் அதன் சிம்புகள் வில் பிடித்த கையில் ஏறிவிடும். ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன் எல்லா அம்புகளையும் வளைத்துக் கேட்கவேண்டும் என்று சொன்னவர்கள் காரணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். வேறு எவர் கையிலும் போய்ச் சேர்ந்துவிடலாகாது என்று ஏழாம் எண்ணை அவளே இரண்டாக ஒடித்துப் போட்டாள்.

தேர்வு நாளன்று மேற்குக் காற்று பலமாக இருந்தது. முதல் ஆறு அம்புகளில் இரண்டு இடப்புறம் ஒதுங்கின. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்; நான் தென்னை மட்டைகளைச் சுட்டிக்காட்டினேன். மட்டைகள் தாழ்ந்து அடங்கும் வரை காத்திருந்து எய்யத் தொடங்கினாள். முதலிடம் கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்தாள், பட்டியலில் பெயர் ஏறுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், நனைந்த குடையைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு சுருள். "புது நாண் வாங்கியிருக்கிறேன் சார். நாண் மாறினால் எதெல்லாம் மாறும்?" என்று கேட்டாள். பரணில் இருந்த மரச்சட்டத்தை இறக்கித் தூசி தட்டினேன். அவள் பழைய செய்தித்தாளைத் தேடத் தொடங்கினாள்.